முதலில் பிழை வரட்டும்

ஓப்பன் சோர்ஸ் பற்றிப் பேச ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனால் அரங்கம் நிறைந்துவிடும். கைதட்டல், குழுப் படம், பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் உண்டு. அடுத்த மாதம் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் ஒரு பிழையையாவது திருத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் சென்னையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். கூடவே, தமிழ் உரையைக் கையாளும் ஒரு சின்ன பைத்தான் நூலகத்தையும் பராமரித்து வருகிறேன். அதற்கு ஆள் சேர்க்கவும், லினக்ஸ் பயனர் குழு நண்பர்களோடு பயிற்சி நடத்தவும் கல்லூரிகளுக்குப் போய்வரும் வழக்கம் உண்டு. ஆர்வமுள்ள மாணவர்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. அந்த ஆர்வம் ஒரு பேட்ச் ஆக மாறுவதற்குள் எங்கே வடிந்துபோகிறது என்பதுதான் என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது.

எனக்குக் கிடைத்த விடை சுருக்கமானது. புதிதாக வரும் மாணவரிடம் பிழையைத் திருத்தச் சொல்லாதீர்கள். அந்தப் பிழையைத் தன் கணினியில் மறுபடி வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

ஏன் வரவழைக்க வேண்டும்?

நம் பாடத்திட்டத்தில் ஒரு மாணவர் எழுதும் புரோகிராம் பெரும்பாலும் வெற்றுத் திரையில்தான் தொடங்கும். லேப் ரெக்கார்டில் கேள்வி இருக்கும், அல்காரிதம் இருக்கும், வரவேண்டிய விடையும் இருக்கும். அடுத்தவர் எழுதிய பல்லாயிரம் வரி கோடைக் கையில் கொடுத்து, ‘இது எங்கே சொதப்புகிறது, பார்’ என்று யாரும் கேட்பதில்லை. வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து செய்யப்போவது அதைத்தான் என்றாலும்.

அப்படிப்பட்டவரிடம் ‘இந்த பக்கைத் திருத்திக் கொடு’ என்றால், கோடைத் திறக்கிறார். தலையும் புரியாது, வாலும் புரியாது. நமக்கு இதெல்லாம் சரிப்படாது என்று முடிவுகட்டிச் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுகிறார். ‘இந்த பக் உன் லேப்டாப்பிலும் வருகிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள். வருகிறது, வரவில்லை என்று இரண்டே விடை. எது வந்தாலும் திட்டத்துக்கு லாபம். வருகிறது என்றால் உறுதியாயிற்று. வரவில்லை என்றால், இடையில் யாரோ சரிசெய்துவிட்டார்கள், அல்லது குறிப்பிட்ட இயங்குதளத்தில் மட்டும் வரும் பிழை அது. இரண்டுமே பராமரிப்பாளருக்குத் தெரியவேண்டிய சேதி.

மாணவருக்கு லாபம் இன்னும் பெரிது. பிழையை வரவழைக்க வேண்டுமானால் கோடை இறக்கி, நிறுவி, ஓட்டி, சரியான உள்ளீட்டைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதை முடிக்கும்போது திட்டத்துக்குள் பாதி தூரம் வந்திருப்பார், தனக்கே தெரியாமல்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஒரு சிக்கலைக் கண்டுபிடிப்பவர் ஒருவராகவும் அதைப் புரிந்துகொள்பவர் வேறொருவராகவும் இருக்கலாம், கண்டுபிடிப்பதே பெரிய சவால் என்பது லினஸ் டோர்வால்ட்ஸின் கருத்து. 1997இல் எரிக் ரேமண்ட் எழுதிய ‘தி கதீட்ரல் அண்ட் தி பஜார்’ கட்டுரை வழியாக அது பரவலாகத் தெரியவந்தது. லினக்ஸ் கெர்னலில் இன்றும் ஒரு கமிட் செய்தியின் அடியில் கோட் எழுதியவர் பெயர் மட்டும் இருப்பதில்லை. பிழையைச் சொன்னவருக்கு ‘ரிப்போர்ட்டட் பை’ என்று ஒரு வரி, சோதித்தவருக்கு ‘டெஸ்டட் பை’ என்று ஒரு வரி. உலகத்தின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டும் மென்பொருளே சோதித்தவர் பெயரைப் பதிந்து வைக்கும்போது, நம் சின்னத் திட்டங்கள் கஞ்சத்தனம் காட்ட வேண்டியதில்லை.

‘எனக்கு அசைன் பண்ணுங்க சார்’

கிட்ஹப்பில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்ற முத்திரையோடு ஒரு பிழையைப் போட்டால், சில மணி நேரத்துக்குள் கீழே வரிசையாக வந்து நிற்கும்: ‘இதை எனக்கு அசைன் பண்ணுங்க சார்.’ பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். துண்டு போட்டவர் ஏறுவதும் இல்லை, நிற்பவர் உட்காரவும் முடிவதில்லை. வாரக்கணக்கில் பிழை அப்படியே கிடக்கும்.

அசைன் செய்வதையே நான் நிறுத்திவிட்டேன். கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: ‘யார் வேண்டுமானாலும் செய்யலாம். முதலில் உங்கள் கணினியில் இந்தப் பிழை வருவதை இங்கே காட்டுங்கள். எந்தப் பதிப்பு, என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது என்று எழுதுங்கள்.’ கேட்டவர்களில் பாதிக்கு மேல் காணாமல் போவார்கள். மிஞ்சுகிறவர்கள் உண்மையாகவே வேலை செய்ய வந்தவர்கள். ஒரே பிழையை இரண்டு பேர் வரவழைத்துக் காட்டினால் இருவரையும் சேர்ந்து செய்யச் சொல்வேன். ஒருவர் திருத்தட்டும், இன்னொருவர் அதற்கு டெஸ்ட் எழுதட்டும்.

கண்ணுக்குத் தெரியும் பிழை

எந்தப் பிழையைக் கையில் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. நினைவக ஒழுக்கு, த்ரெட் மோதல் என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடும். பிழை கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அது பிழைதான் என்று மாணவரே தீர்ப்புச் சொல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

லேபில் நான் பெரும்பாலும் காட்டுவது இது. கனிமொழி, கபிலன், கமலா என்ற மூன்று பெயர்களைப் பைத்தானில் ஒரு பட்டியலாக்கி, வரிசைப்படுத்தச் சொல்வேன். கனிமொழி முதலில், பிறகு கபிலன், கமலா என்று வரும்.

“அண்ணா, இதுல என்ன தப்பு? சரியாத்தானே இருக்கு?” என்று ஒருவர் கேட்பார்.

“அகராதில பார்த்தா எது முதல்ல வரும்?”

கொஞ்ச நேரம் லேப் முழுக்க முணுமுணுப்பாக இருக்கும். க, ங, ச, ஞ என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார்கள். யாராவது ஒரு பெண் சத்தமாகச் சொல்வாள்: “ப, ம எல்லாம் முடிஞ்சுதானே ன வரும்? கனிமொழி கடைசியில இல்ல வரணும்!”

அவ்வளவுதான், எல்லோரும் திரையை நெருங்கி வந்துவிடுவார்கள். ஏன் இப்படி என்று தோண்டினால் சுவையான விஷயம் கிடைக்கும். யூனிகோடில் இந்திய மொழிகளுக்கான இடங்கள் 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தை ஒட்டி அமைந்தவை. எல்லா மொழிக்கும் பொதுவான ஒரே கட்டம் என்பதால், தமிழின் ன என்பது ந-வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது, ற என்பது ர-வுக்குப் பக்கத்தில். எண் மதிப்பை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் கணினிக்கு ப-வுக்கு முன்னால்தான் ன.

“அப்போ பைத்தான்லதான் பக்கா அண்ணா?” என்பது அடுத்த கேள்வியாக வரும். அதுதான் நான் காத்திருக்கும் கேள்வி. பைத்தான் சொன்னதைச் செய்கிறது. தமிழ்ப் பெயர்ப் பட்டியலை அந்த வரிசையிலேயே பயனருக்குக் காட்டும் செயலியில்தான் பிழை. வரிசைப்படுத்தும்போது தமிழ் அகர வரிசைக்கான விதியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது ஐசியூ போன்ற நூலகத்தில் ஏற்கெனவே உள்ள விதியைப் பயன்படுத்த வேண்டும். பிழை எங்கே தெரிகிறது, எங்கே பிறக்கிறது, எங்கே திருத்த வேண்டும் என்பவை மூன்று தனிக் கேள்விகள் என்பதை எந்த ஸ்லைடும் இவ்வளவு நன்றாகச் சொல்லித் தராது.

இதே ரகத்தில் இன்னும் பல உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும், நம் கணக்கில் 3 எழுத்து. தலைப்பை இத்தனை எழுத்தோடு நறுக்கு என்று எழுதப்பட்ட கோட், புள்ளியைத் தனியே வெட்டிவிட்டு ‘தமிழ’ என்று காட்டும். ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரு விதமாகச் சேமித்ததை இன்னொரு விதமாகத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்லே இல்லை என்று தேடுபெட்டி சாதிக்கும். தமிழ் தெரிந்த மாணவருக்கு இந்த இடத்தில் வெளிநாட்டுப் பராமரிப்பாளரைவிடத் தெளிவு அதிகம். தனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையோடு ஒரு இஷ்யூ எழுதுவது, முதல் அடி வைக்க நல்ல துணிச்சலைத் தரும்.

பிழையைப் பக்குவம் செய்து வைப்பது

ஒரு பிழைக்கு ‘எளிது’ என்று முத்திரை குத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் பராமரிப்பாளர்கள் அதிகம். நமக்கு எளிதானது பல ஆண்டுப் பழக்கத்தால் எளிதானது. இதில் பெரிய திட்டங்களிடம் பழக நிறைய உண்டு. லிப்ரேஆபீஸ் திட்டம் ‘ஈஸி ஹேக்’ என்ற பெயரில் தனியே பிழைகளை எடுத்து வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கடினம், எந்த நிரல்மொழி தேவை, எந்தத் துறை சார்ந்தது என்று குறியிட்டிருக்கும். மொசில்லாவின் பக்ஸில்லாவில் ஒரு பிழைக்கு வழிகாட்டி யார் என்று எழுதவே தனிக் கட்டம் இருக்கிறது. டெபியன் புதியவர்களுக்கென்று ஒரு குறியே வைத்திருக்கிறது.

நான் ஒரு பிழையை மாணவர்களுக்கென்று ஒதுக்குவதற்கு முன் எழுதிவைப்பவை:

• பிழையை வரவழைக்கும் படிகள், அப்படியே ஒட்டி ஓட்டக்கூடிய வடிவில்.
• இப்போது வருவது என்ன, வரவேண்டியது என்ன.
• பார்க்க வேண்டிய கோப்பின் பெயர். வரி எண் வேண்டாம், கொஞ்சம் தேடட்டும்.
• திருத்தியபின் ஓட்ட வேண்டிய டெஸ்ட் கட்டளை.
• சந்தேகம் வந்தால் எங்கே, யாரிடம் கேட்பது.

ஒதுக்கக் கூடாதவையும் உண்டு. பாதுகாப்புக் கோளாறு, வெளியீட்டுக்கு முன் முடிய வேண்டிய அவசர வேலை, எப்படிச் செய்வது என்று பராமரிப்பாளர்களே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் மாற்றம், யாரும் தொட விரும்பாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பழைய பிழை. கடைசியாகச் சொன்னதை மாணவர் தலையில் கட்டுவது பல திட்டங்களில் நடக்கிறது. வந்தவர் திரும்பிப் பார்க்காமல் ஓடுவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

முதல் அரை மணி நேரம்

ஒரு மாணவரை நாம் இழப்பது பெரும்பாலும் கோடில் இல்லை, நிறுவுவதில். கல்லூரி லேபில் விண்டோஸ், அட்மின் உரிமை கிடையாது, நடுவில் ப்ராக்ஸி. ஹாஸ்டலில் எட்டு ஜிபி லேப்டாப், ராத்திரியில் தூங்கிவிடும் வைஃபை. இந்த நிலையில் சில ஜிபி ரெப்போவை இறக்கி, மணிக்கணக்கில் கம்பைல் செய்யச் சொன்னால் அங்கேயே முடிந்தது.

ஃபயர்ஃபாக்ஸ் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. முகப்புப் பகுதியில் மட்டும் மாற்றம் செய்பவர்கள் மொத்தத்தையும் கம்பைல் செய்ய வேண்டாம். மொசில்லா ஏற்கெனவே தயாரித்து வைத்த பகுதிகளை இறக்கிக்கொண்டு, தாங்கள் மாற்றியதை மட்டும் சேர்த்து ஓட்டலாம். ‘ஆர்ட்டிஃபாக்ட் பில்ட்’ என்று அதற்குப் பெயர். நம் திட்டம் அவ்வளவு பெரிதில்லை என்றாலும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். திட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரை, நிறுவும் வழிமுறையை மட்டும் பார்த்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் தடுமாறும் ஒவ்வொரு இடமும் ஒரு பிழை. அதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பாடத்தில் படித்தது பிழைக்கு உதவும் இடம்

மாணவர்கள் அசந்துபோவதைப் பார்க்க வேண்டுமானால் கிட் பைசெக்ட் காட்டுங்கள். போன ஆண்டு சரியாக இருந்த ஒன்று இப்போது உடைந்திருக்கிறது, நடுவில் ஆயிரம் கமிட்கள். எது உடைத்தது? நடுக் கமிட்டுக்குப் போ, பிழை வருகிறதா பார். வந்தால் முன்பாதி, வராவிட்டால் பின்பாதி. ஏறக்குறைய பத்தே சோதனைகளில் குற்றவாளிக் கமிட் பிடிபட்டுவிடும். “இது பைனரி சர்ச் இல்ல?” என்று யாராவது கத்துவார்கள். இரண்டாம் ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தாளில் மதிப்பெண்ணுக்காக எழுதிய ஒன்று, ஆயிரம் கமிட்களுக்கு நடுவே ஒரு பிழையைத் தேடிப் பிடிப்பதை அப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள்.

இங்கேயும் கவனியுங்கள், ஒரு வரி கோட்கூட எழுதவில்லை. பிழையை வரவழைக்கத் தெரிந்திருந்தால் போதும். ‘இந்தக் கமிட்டில்தான் உடைந்தது’ என்று ஒரு மாணவர் எழுதும் ஒற்றை வரி, பராமரிப்பாளரின் ஒரு மாலை நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு சின்ன எச்சரிக்கை: டேட்டாவை மிச்சப்படுத்தக் கடைசிக் கமிட்டை மட்டும் இறக்கியிருந்தால் பைசெக்ட் நடக்காது. வரலாறு முழுக்க வேண்டும்.

பதில் சொல்லும் முறை

முதல் புல் ரெக்வெஸ்டை அனுப்பிய மாணவர் அன்று இரவு தூங்கமாட்டார். போனை எடுத்து எடுத்துப் பார்ப்பார். பதில் இரண்டு நாளில் வந்தால் அடுத்த பிழைக்கு வருவார். மாதம் கழித்து வந்தால், இன்டர்னல் தேர்வு, மினி ப்ராஜெக்ட் என்று அவர் வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியிருக்கும். முழுமையாகப் பார்க்க நேரமில்லையா? ‘பார்த்தேன், வரும் ஞாயிறு விரிவாக எழுதுகிறேன்’ என்ற ஒரு வரி போதும்.

கிட்ஹப்பில் ஒரு நுணுக்கமும் உண்டு. திட்டத்துக்குப் புதியவர் அனுப்பும் கோடுக்கு, பராமரிப்பாளர் ஒப்புதல் கொடுத்தால்தான் பெரும்பாலும் தானியங்கி டெஸ்ட்கள் ஓடத் தொடங்கும். நாம் அந்தப் பொத்தானை அழுத்தாதவரை, தன் கோட் சரியா தவறா என்றே தெரியாமல் மாணவர் காத்துக்கொண்டிருப்பார்.

குறை சொல்வதிலும் அளவு வேண்டும். இடைவெளி, மாறியின் பெயர், காற்புள்ளி என்று அடுக்கடுக்காகச் சொன்னால் மனம் விட்டுப்போகும். அதையெல்லாம் ஃபார்மேட்டர் கருவியிடம் விட்டுவிடலாம். முதல் முறை வருபவரிடம் பிழை தீர்ந்ததா, டெஸ்ட் இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் கேட்கிறேன். மிச்சச் சில்லறையை நானே சரிசெய்து, கமிட்டில் அவர் பெயரையே எழுதியவராக வைக்கிறேன். மொத்தமாக மாற்றி எழுத வேண்டிவந்தாலும் இணை எழுத்தாளராக அவர் பெயர் இருக்கும். வெளியீட்டுக் குறிப்பில் பிழையை உறுதிசெய்தவர் பெயரும் இருக்கும்.

ஆங்கிலம் என்ற மதில்

தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் கோடுக்குப் பயப்படுவதைவிட, நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஆங்கிலத்தில் எழுதுவதற்கு அதிகம் பயப்படுகிறார்கள். இதற்கும் பிழையை வரவழைக்கும் பழக்கமே கைகொடுக்கிறது. ‘நான் செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது’ என்று மூன்று தலைப்பு கொடுத்துவிட்டு, முதலில் தமிழில் வாயால் சொல்லச் சொல்வேன். வாயால் தெளிவாகச் சொல்லிவிட்டால், ஆறேழு குட்டி வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். திரைப் படமும் பிழைச் செய்தியும் கூட இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இதற்கு நல்ல ஒத்திகை மேடை. தமிழிலேயே கேட்கலாம், தப்பாகக் கேட்டாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

டி-ஷர்ட்டும் ரெஸ்யூமேயும்

பரிசு காட்டி அழைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2014இல் தொடங்கிய ஹேக்டோபர்ஃபெஸ்ட், அக்டோபரில் சில புல் ரெக்வெஸ்ட் அனுப்பியவர்களுக்கு டி-ஷர்ட் கொடுத்தது. 2020இல் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பும் குப்பை ரெக்வெஸ்ட்கள் குவிந்து பராமரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டிவந்தது. 2024இல் எக்ஸ்பிரஸ் திட்டத்தின் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஏராளமான ரெக்வெஸ்ட்கள் வந்தன. ஒரு யூடியூப் பாடத்தைப் பார்த்து அப்படியே செய்த மாணவர்கள் அவர்கள்.

மாணவர்களைத் திட்டிப் பயனில்லை. பிளேஸ்மென்டுக்கு ரெஸ்யூமேயில் ஒரு வரி வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அந்த வரி எதைச் சொல்ல வேண்டும் என்று காட்டுவது நம் வேலை. ‘பத்துத் திட்டங்களில் பங்களித்தேன்’ என்பதை இன்டர்வியூவில் யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். ‘இந்தப் பிழையை இப்படி வரவழைத்தேன், இந்தக் கமிட்டில் பிறந்தது என்று கண்டேன், இப்படித் திருத்தினேன்’ என்று சொன்னால் அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும்.

ஏஐ கருவிகள் வந்தபின் இது இன்னும் முக்கியமாகிவிட்டது. பார்க்க ஒழுங்காகத் தெரியும் பேட்ச் ஒன்றை இப்போது யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் உருவாக்கலாம். கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய போலிப் பாதுகாப்புப் புகார்கள் தங்கள் நேரத்தைத் தின்பதாக வெளிப்படையாகவே எழுதினார். இல்லாத பிழையைத் தன் கணினியில் ஓட்டிக் காட்ட முடியாது. ஆகவே ஏஐ பயன்படுத்தினாயா என்று நான் கேட்பதில்லை. பிழை வருவதையும், திருத்தியபின் வராமல் போவதையும் காட்டு என்கிறேன்.

அடுத்த பிழை, அடுத்த ஆள்

முதல் பிழையோடு நின்றுபோகிறவர்கள் நிறைய. முதல் பேட்ச் சேர்ந்ததும் நாம் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அடுத்து என்ன என்று அவருக்குத் தெரிவதில்லை. அதனால் முதல் பிழையை ஒதுக்கும்போதே, அதே கோப்பில் கொஞ்சம் கடினமான இன்னொன்றையும் எடுத்து வைக்கிறேன். நன்றி சொல்லும் பதிலிலேயே அதன் இணைப்பும் இருக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். நவம்பர், ஏப்ரல் மாதங்களில் செமஸ்டர் தேர்வு நெருக்கும். இறுதியாண்டு மாணவர்களுக்கு பிளேஸ்மென்ட் பரபரப்பு. இரண்டாம் ஆண்டின் பிற்பாதியிலும் மூன்றாம் ஆண்டிலும் இருப்பவர்களிடம்தான் நேரமும் ஆர்வமும் சேர்ந்து கிடைக்கும். அவர்கள் கல்லூரியில் இன்னும் ஓராண்டாவது இருப்பார்கள் என்பதால் ஜூனியர்களுக்குச் சொல்லித் தரவும் ஆள் கிடைக்கும்.

இந்தத் தொடர்ச்சியின் பலத்துக்கு இலங்கையைப் பார்க்கலாம். 2005இல் தொடங்கிய கூகுள் சம்மர் ஆஃப் கோடின் முதல் பத்தாண்டுகளில், அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகங்களில் முன்னணியில் இருந்தது அங்குள்ள மொரட்டுவைப் பல்கலைக்கழகம். ஒரு தனி மாணவரின் சாமர்த்தியத்தால் மட்டும் அப்படி ஆண்டுதோறும் நடக்காது. போன ஆண்டு செய்தவர் இந்த ஆண்டு வருபவருக்கு வழி காட்டினால்தான் நடக்கும்.

திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்கள் இந்த வாரக் கடைசியிலேயே தொடங்கலாம். உங்கள் பட்டியலிலிருந்து மூன்று பிழைகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் புதிதாக நிறுவிய ஒரு கணினியில் நீங்களே வரவழைத்துப் பாருங்கள். வராததை மூடிவிடுங்கள், வருவதற்கான படிகளை எழுதுங்கள். அதன் இணைப்பை உங்களுக்குத் தெரிந்த ஒரு மூன்றாம் ஆண்டு மாணவருக்கு அனுப்பி, ‘இது உன் லேப்டாப்பில் வருகிறதா?’ என்று மட்டும் கேளுங்கள். திருத்துவதைப் பற்றி அவரே பேச்செடுப்பார்.